உலை ஆறும்வரை

யோர்தானின் பெயர்நாளன்று காஸ் நின்றது.

2009 ஜனவரி ஆறாம் தேதி. பையன்கள் குதித்து எடுப்பதற்காகப் பாதிரியார் ஆற்றில் சிலுவையை எறிவதற்கு முன்பே கலவைக் கூடத்தில் போன் அடித்தது.

"நெவேனா, பெல்ட்டை நிறுத்து. இனி மணல் போடாதே."

மணலும் சோடாவும் சுண்ணாம்புக்கல்லும் கலந்து கண்ணாடி உலைக்கு அனுப்புவது என் வேலை. உலைக்குத் தலைவர் யோர்தான். தன் பெயருக்குரிய திருநாளான பெயர்நாளில் மட்டும் அவர் ஆலைக்கு வரமாட்டார். அன்று வந்திருந்தார்.

"என்னண்ணே, விருந்து வீட்டுல இல்லையா?"

"முள்ளு இறங்குது. வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். காஸ் அழுத்தம் காட்டும் முள் கீழே சாய்ந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் யோர்தான் விருந்துச் சட்டையோடு நின்றார். மேல் பொத்தான் வரை போட்டிருந்தார். பக்கத்தில் மருமகன் மொம்ச்சில். ஜாடி வார்க்கும் இயந்திரம் அவன் பொறுப்பு. ஏணியில் ஸ்பாஸ் உட்கார்ந்திருந்தான். குழாய் பழுதுபார்க்கிறவன். அவன் எப்போதும் எதன் மேலாவது உட்கார்ந்துதான் பேசுவான்.

"டிவில சொல்றான் மாமா," என்றான் மொம்ச்சில். "இவன் திருடிட்டான்னு அவன் சொல்றான். அவன் அடைச்சிட்டான்னு இவன் சொல்றான்."

"யாரு?" என்றேன்.

"காஸ் அனுப்புற மாஸ்கோக்காரனும் குழாய் வர்ற வழியில இருக்கிற கீவ்காரனும். பல்கேரியா முழுக்க ஒரு பொட்டு இல்லையாம்."

"நடுவுல நாம என்ன பண்ணோம்?"

"நாம வால்வுக்கு இந்தப் பக்கம் பொறந்தோம்," என்றான் ஸ்பாஸ். "யோர்தான் அண்ணே, எனக்கு ஒரு சந்தேகம். நீங்க வெல்டு வச்ச மூட்டு எங்கியாவது பிச்சுக்கிட்டதோ?"

யோர்தான் சிரிக்கவில்லை. இளவயதில் அவர் சோவியத் பக்கம் போய்க் குழாய் பதித்தவர். எங்கள் ஊரிலிருந்து பலர் போனார்கள். அந்த உழைப்புக்கு ஈடாக நாட்டுக்குக் காஸ் வரும் என்று ஒப்பந்தம். வந்தது. ஆட்சி மாறியது. ஒப்பந்தங்கள் கைமாறின. தலைநகரில் யாரோ எதையோ விட்டுக்கொடுத்து எதையோ வாங்கினார்கள். எங்களுக்குத் தெரிந்தது, காஸ் வருகிறது என்பது மட்டும்.

முன்பு ஆலைக்குப் பின்னால் மஸூத் தொட்டி இருந்தது. மஸூத் என்றால் கறுப்பு எண்ணெய். காஸ் இல்லாவிட்டால் அதில் உலையை ஓட்டலாம். தனியார்மயத்தில் ஆலையை முதலில் வாங்கியவர் தொட்டியை வெட்டிப் பழைய இரும்பாக விற்றார். அப்போது எங்களில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. கொடியில் காயும் துணியில் இனிக் கரி படியாது என்று யோர்தானின் மனைவி வெலிச்கா சொன்னது நினைவிருக்கிறது. இன்னொரு குழாய், இன்னொரு நாடு என்று பேச்சு வந்தபோதெல்லாம் அதற்குச் செலவாகும் என்று மந்திரிகள் சொன்னார்கள். எங்களுக்கும் அது சரியாகவே பட்டது.

முள் அடியைத் தொட்டது.

கண்ணாடி உலை நம் வீட்டு அடுப்பு அல்ல, அணைத்துவிட்டு மறுநாள் மூட்ட. ஒரு முறை மூட்டினால் வருஷக்கணக்கில் எரியும். உள்ளே ஒரு குளம் அளவுக்குக் கண்ணாடிக் குழம்பு. தீ போனால் குழம்பு இறுகும். முழுக்க இறுகிவிட்டால் கல்லோடு கல்லாக ஒட்டிக்கொள்ளும். பிறகு உலையை உடைத்து அள்ளத்தான் வேண்டும். எங்கள் ஆலைக்குப் புது உலை கட்டித்தர யாரும் காத்திருக்கவில்லை.

மிச்சமிருப்பது ஒரு வழி. ஓடுகிற பதத்தில் இருக்கும்போதே அடித் துளையைத் திறந்து குழம்பை நிலவறைக்கு இறக்கிவிடுவது. ஆலை நிற்கும். ஆனால் உலை பிழைக்கும்.

"எவ்வளவு நேரம் தாங்கும் மாமா?"

"சாயங்காலம்."

"அப்புறம்?"

"அப்புறம் துளையைத் திறந்தாலும் வராது."

மேனேஜர் திராகனோவ் அப்போதுதான் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். தலைநகரில் படித்தவர், எங்கள் ஊரில் வீடு வாங்கியவர். ஒரு காதில் போன். முதலாளி வேறு நாட்டில் இருந்தார். அவரை நாங்கள் பார்த்தது ஒரே முறை, வாசலில் கொடி மாற்றிய அன்று.

"காத்திருக்கச் சொல்றார்," என்றார் திராகனோவ், போனை மூடிவிட்டு. "எப்படியும் வந்துடுமாம்."

"வரலேன்னா, இஞ்சினியரே?"

"வரலேன்னா விபத்து."

"நாம இறக்கினா?"

"நாம இறக்கினா அது நம்ம முடிவு."

யோர்தான் கையுறையைக் கழற்றினார். மறுபடி மாட்டினார்.

"விபத்துன்னா இன்சூரன்ஸ்."

திராகனோவ் போனைச் சட்டைப் பையில் போட்டார்.

"உலை செத்தா அவருக்குப் பணம். பொழைச்சா அவருக்குத் தலைவலி. அதானே?"

"நான் அப்படிச் சொல்லல."

"நீங்க ஒண்ணுமே சொல்லலயே."

"யோர்தான் அண்ணே, நானும் இதைத்தான் படிச்சேன். உள்ள என்ன ஆகுதுன்னு எனக்கும் தெரியும். எழுத்துல வந்திருக்கு. இறக்கக் கூடாதுன்னு. மீறினா என்னால உங்களைக் காப்பாத்த முடியாது. உங்களுக்குப் பென்ஷனுக்கு ரெண்டு வருஷம்தான் இருக்கு."

"அதை எங்க வீட்லயே தினம் சொல்றாங்க," என்றார் யோர்தான்.

மத்தியானம் நான் வீடு திரும்பினேன். உலையின் மிச்சச் சூட்டில்தான் எங்கள் குடியிருப்புக்குச் சுடுதண்ணீர் ஓடும், வீடுகளைச் சூடாக வைப்பதும் அதுதான். அதையும் நிறுத்தியாகிவிட்டது. மாடிப்படியில் மூச்சு புகையாக வந்தது. எல்லா வீட்டிலும் மின்அடுப்பைப் போட்டதில் ஃபியூஸ் இரண்டு முறை போனதாகக் கீழ்வீட்டில் சொன்னார்கள்.

யோர்தான் வீடு எங்கள் எதிர்வீடு. கதவு ஒருக்களித்திருந்தது. பெயர்நாளுக்கு எங்கள் பக்கம் யாரையும் அழைப்பதில்லை. கதவைத் தாழிடாமல் வைப்பதுதான் அழைப்பு. வருகிறவர் உட்காருவார், சாப்பிடுவார், நூறு வயது வாழ்க என்று சொல்லிவிட்டுப் போவார். யார் வந்தார், யார் வரவில்லை என்று பார்ப்பது அசிங்கம்.

வெலிச்கா கோட்டுப் போட்டுக்கொண்டு சமையலறையில் நின்றாள். பெரிய பானையில் சர்மி. புளித்த முட்டைக்கோஸ் இலையில் அரிசியும் பன்றிக் கறியும் வைத்து விரல் பருமனில் சுருட்டியது. முதல் நாளே வெந்துவிட்டது. தட்டில் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்ஸா ஆறிக் கிடந்தது. மேலே படர்ந்த வெண்ணெய் வெள்ளையாக உறைந்திருந்தது.

மகள் ரலிட்சா குழந்தையைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள்.

"அவரு வரலையா?" என்றாள் வெலிச்கா.

"வரமாட்டாருக்கா."

"தெரியும். சட்டையை இஸ்திரி போட்டப்பவே தெரியும். நல்ல சட்டையைப் போட்டா அந்த ஆளுக்கு ஏதாவது வந்துடும்."

நான் நடந்ததைச் சொன்னேன். முதலாளி சொன்னது, திராகனோவ் சொன்னது, எல்லாம். வெலிச்கா கேட்டுக்கொண்டே கரண்டியால் பானையின் விளிம்பைத் துடைத்தாள்.

"காத்திருக்கச் சொன்னா காத்திருக்கட்டும். அவரு அப்பன் வீட்டு உலையா அது?"

"அம்மா," என்றாள் ரலிட்சா.

"என்னடி அம்மா? ரெண்டு வருஷம். அப்புறம் தோட்டத்துல தக்காளி போட்டுக்கிட்டு இருக்கலாம். இப்பப் போய் வீரம் காட்டினா நாளைக்கு வெறுங்கையோட வந்து நிப்பாரு."

"உலை போனா மொம்ச்சிலுக்கு வேலை போகும்மா."

"வேற வேலை பாக்கட்டும்."

"இந்த ஊர்லயா? ஜாடி வார்க்கிறதை விட்டா இங்க என்ன இருக்கு? பேக்கரியும் மருந்துக்கடையும்."

ரலிட்சா குழந்தையின் தொப்பியை இழுத்துவிட்டாள்.

"மொம்ச்சிலோட சித்தப்பா பையன் ஸ்பெயின்லேர்ந்து நேத்துக்கூடப் பேசினான். பிளாஸ்டிக் கொட்டகையில மிளகாய்ச் செடி. தங்க இடம் தர்றானாம். உலை நின்னா கிளம்பிடலாம்னு மொம்ச்சில் சொல்லிட்டாரு. நானும் சரின்னுட்டேன்."

"குழந்தை?"

"கூடத்தான்."

"என்கிட்ட எப்பச் சொல்றதா இருந்தே? பஸ் ஏறின பிறகா?"

"நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். இன்னைக்கு அப்பா பெயர்நாள்."

படிக்கட்டில் காலடி கேட்டது. கீழ்வீட்டு ஆட்கள், பேக்கரிப் பெண், மலையடிவாரக் கிராமத்திலிருந்து யோர்தானின் பழைய சிநேகிதர்கள். எல்லோர் பூட்ஸிலும் பனி. ஒருவர் கையில் ரக்கியா என்கிற பழச்சாராயப் புட்டி, ஒருவர் கையில் தொத்திறைச்சி. நூறு வயது வாழ்க என்று சொல்லி உள்ளே வந்தவர்கள் வாழ்த்தப்பட வேண்டிய ஆளைக் காணாமல் விழித்தார்கள். யாரும் கோட்டைக் கழற்றவில்லை.

"பெயர்நாள்காரர் எங்க?" என்றார் கிராமத்து ஆள்.

"பெயர்நாள்காரர் உலைகிட்ட," என்றாள் வெலிச்கா. அறையைச் சுற்றிப் பார்த்தாள். வாயிலிருந்து புகை வரும் பத்துப் பதினைந்து பேர். "விருந்து இங்கதான்னு யாரு சொன்னா? பானையைத் தூக்குங்க. அங்கயாவது சுவர் சூடா இருக்கும்."

பானையைக் குழந்தைகள் சறுக்கும் பலகை வண்டியில் வைத்துக் கட்டினோம். வெலிச்கா முன்னால் இழுத்தாள். நான் பின்னால் பிடித்துக்கொண்டேன். வழியில் சேர்ந்தவர்களும் உண்டு. ஆற்றங்கரையிலிருந்து சிலுவை எடுத்த பையன்கள் நனைந்த தலையோடு வந்தார்கள். காவல்காரர் கதவைத் திறந்தார். ஆலைக்குள் விருந்தாளிகளுக்கு அனுமதி உண்டா என்று அவர் கேட்கவில்லை. சர்மி உண்டா என்று கேட்டார்.

உலைக் கூடத்தில் சத்தமே இல்லை. காஸ் எரியும்போது அங்கே எப்போதும் ஓர் இரைச்சல் இருக்கும். அது இல்லாமல் அந்த இடம் வேறு யாருடைய இடமோ போல இருந்தது. ஆட்கள் சுவரோரம் சாய்ந்து நின்று சாப்பிட்டார்கள். சர்க்கரை போட்டுக் காய்ச்சிய ரக்கியா கைமாறியது. யோர்தான் ஒரு வாய் குடித்தார். எல்லோர் கையையும் குலுக்கினார். அடிக்கொரு தடவை போய் நீலக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார்.

திராகனோவும் வந்தார். வெலிச்கா அவருக்கும் தட்டு வைத்தாள். நின்றபடியே சாப்பிட்டார்.

"நல்லாயிருக்கு."

"நேத்து இன்னும் நல்லாயிருந்துச்சு," என்றாள் வெலிச்கா.

அவர் தட்டைக் கீழே வைத்தார். முள்ளைப் பார்த்தார், யோர்தானைப் பார்த்தார். "என் போன்ல சார்ஜ் இல்ல. வீட்டுக்குப் போய்ப் போட்டுட்டு வரேன். கொஞ்ச நேரம் ஆகும்."

போன் அவர் கையில் மின்னிக்கொண்டிருந்தது. அவர் போனார்.

யோர்தான் வெலிச்காவை நெருங்கினார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். நகரலாமா என்று பார்த்தேன். வெலிச்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெலிச்கா."

"சொல்லு."

"இறக்கலாமான்னு இருக்கேன்."

"கேக்கிறியா, சொல்றியா?"

"கேக்கிறேன்."

"கல்யாணம் ஆகி முப்பது வருஷத்துல முதல் தடவை." அவள் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "இறக்கினா உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்களா?"

"அனுப்பிடுவாங்க."

"பென்ஷன்?"

"வருஷம் குறையும். வேற எங்கியாவது போய் நிரப்பணும்."

"இந்த வயசுல உன்னை எவன் கூப்பிடுவான்?"

"தெரியல."

"சரி. இறக்கிட்டா, மறுபடி பத்த வைப்பாங்கன்னு நிச்சயமா?"

"நிச்சயம் இல்ல. முதலாளி மனசு வைக்கணும், இல்ல வேற யாராவது வாங்கணும். உறைஞ்சிடுச்சுன்னா மட்டும் நிச்சயம். பத்தவே பத்தாது."

வெலிச்கா சுவரோரம் பார்த்தாள். ரலிட்சா சூடான செங்கல்லில் முதுகைச் சாய்த்து நின்றாள். குழந்தை தோளில் தூங்கியது. மொம்ச்சில் அவளுக்குத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தான்.

"அவங்க ஸ்பெயின் போறாங்களாம்," என்றாள் வெலிச்கா. "உலை நின்னா."

"தெரியும்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"கிறிஸ்துமஸ்லேர்ந்து."

"எனக்குத்தான் இந்த வீட்ல எல்லாம் கடைசி." மூக்கைத் துடைத்தாள். "அப்ப என்ன நிக்கிறே? இறக்கு."

யோர்தான் விருந்துச் சட்டைக்கு மேல் தோல் மேலங்கியைப் போட்டார். மொம்ச்சிலையும் ஸ்பாஸையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மற்றவர்கள் தட்டுகளை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுத் தாங்களாகவே எழுந்து வந்தார்கள்.

நிலவறையில் குழாய்களைத் திறந்து பள்ளத்தில் தண்ணீர் நிரப்பினோம். துளைக்குக் கீழே இரும்புச் சரிவு வைத்தார்கள். துளையை அடைத்திருந்த கல்லை மொம்ச்சில் நீண்ட கடப்பாரையால் குத்தினான். வரவில்லை. ஸ்பாஸ் சம்மட்டியால் கடப்பாரைத் தலையில் அடித்தான். யோர்தான் பின்னாலிருந்து மொம்ச்சிலின் இடுப்பு வாரைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது நான்காவது அடியில் கல் உள்வாங்கியது.

முதலில் ஒன்றும் வரவில்லை. தாமதமாகிவிட்டது என்றே நினைத்தேன். பிறகு துளையின் வாயில் ஒரு சிவப்பு உருண்டை தெரிந்தது. அது தயங்கியது, நீண்டது, விழுந்தது. அதன் பின்னால் கயிறு போல ஒன்று. கயிறு பருத்தது. சரிவில் ஓடித் தண்ணீரில் விழுந்தபோது நிலவறை முழுக்க வெடிச்சத்தம். ஆவியில் எதிரே நிற்பவர் முகம் தெரியவில்லை.

"வாரிவிடுங்க! அடைச்சுக்கும்!" யோர்தான் கத்தினார்.

தண்ணீரில் பொரிந்த கண்ணாடியைக் குவியவிடாமல் வாரி ஒதுக்க வேண்டும். மண்வெட்டி கிடைத்தவர்கள் மண்வெட்டியால், கிடைக்காதவர்கள் பலகையால். பேக்கரிப் பெண் குதிகால் செருப்போடு வாரினாள். சிலுவை எடுத்த பையன்களின் தலை அங்கேதான் காய்ந்தது. கிராமத்து ஆள் தொப்பியை எடுத்து வியர்வையைத் துடைத்தார்.

"பெயர்நாளுக்கு வந்தவன் கையில மண்வெட்டியைக் குடுத்த ஆளு நீ ஒருத்தன்தான் யோர்தான்."

"அடுத்த வருஷம் வராதே," என்றார் யோர்தான்.

"வராம? சர்மி நல்லாயிருந்துச்சே."

கயிறு மெலியும்வரை வாரினோம். திராகனோவ் வந்தபோது கடைசிக் குழம்பு சொட்டிக்கொண்டிருந்தது. நிலவறைப் படியில் நின்று பார்த்தார். ஆவி அவர் மூக்குக்கண்ணாடியை மூடியது. கழற்றித் துடைத்தார்.

"இறங்கிடுச்சா?"

"இறங்கிடுச்சு," என்றார் யோர்தான்.

"முழுசா?"

"முழுசா."

திராகனோவ் மெதுவாக மூச்சு விட்டார். பிறகு குரலை மாற்றிக்கொண்டார். "முதலாளிக்கு நான் சொல்லியாகணும். யார் யார் இருந்தாங்கன்னு பேர் கேப்பாங்க."

நிலவறையில் ஆலை ஆட்கள் இருந்தார்கள். மறுநாள் வேலை வேண்டியவர்கள். மொம்ச்சில் இருந்தான், கடப்பாரையோடு.

வெலிச்கா படியருகே வந்தாள். இடுப்பில் கட்டியிருந்த துணியில் கரி படிந்திருந்தது.

"இஞ்சினியரே, இன்னைக்கு எங்க வீட்டு விருந்து. நீங்களும்தான் சாப்பிட்டீங்க. பெயர்நாளுக்கு வந்தவங்க பேரை எந்த வீட்ல எழுதி வச்சு நீங்க பாத்திருக்கீங்க?"

திராகனோவ் அவளையே பார்த்தார்.

"என் பேரைச் சொல்லுங்க," என்றார் யோர்தான். "பெயர்நாள் எனக்குத்தானே."

ஒரே பெயர்தான் போனது.

எல்லோரும் முடிந்தது என்று நினைத்தார்கள். யோர்தான் மட்டும் உலையின் வளைவுக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். உலை சட்டென்று ஆறினால் கூரைக் கற்கள் விரிசல் விட்டு உதிரும். ஒரு வாரம், பத்து நாள் என்று இழுத்து இழுத்து ஆறவைக்க வேண்டும்.

"இப்பத்தான் தீ வேணும்," என்றார்.

"ஆற வைக்கிறதுக்குத் தீயா?" என்றாள் வெலிச்கா.

"ஆமா."

"இதை முதல்லயே சொல்லியிருந்தா சர்மியை உலைக்குள்ளயே வச்சிருப்பேன்."

அந்த வாரம் ஊரில் பைன் மரங்கள் குளிரில் உறைந்து வெடித்தன. குடியிருப்பில் ஜனங்கள் கோட்டோடும் தொப்பியோடும் தூங்கினார்கள். அப்படியும் விறகு வந்தது. மலையடிவாரத்திலிருந்து டிராக்டரில் ஓக் கட்டைகள். பேக்கரியிலிருந்து மாவுப் பெட்டிகள். யாரோ பழைய வேலியைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். கட்சி ஆபீஸாக இருந்த கட்டடத்திலிருந்து நீளமான மேசை ஒன்று வந்தது. ஸ்பாஸ் அதன் மேல் ஏறி உட்கார்ந்தான்.

"எத்தனை வருஷம் சூடான பேச்சைக் கேட்ட மேசை. இப்பத்தான் கொஞ்சம் சூடு குடுக்கப்போகுது."

"இறங்குடா, வெட்டணும்."

"மரியாதையா வெட்டுங்க. ஓக்."

பர்னர் வாய்கள் வழியாக விறகைத் தள்ளினோம். மற்றத் துளைகளைக் களிமண் பூசி அடைத்தோம். களிமண் குழைக்க என் கலவைக் கூடத்துத் தண்ணீர்த் தொட்டிதான். கூரையை இழுத்துப் பிடித்திருக்கும் இரும்புக் கம்பிகளின் நட்டை யோர்தான் நாள் முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்து முறுக்கினார். கூரை சுருங்கச் சுருங்க ஒரு சுற்று, அரைச் சுற்று. மொம்ச்சில் எதிர்ப்பக்கம். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் மொம்ச்சில் கேட்டான்.

"மாமா, எங்களுக்காகவா பண்ணீங்க?"

"ரொட்டியைத் தின்னு."

வேலைநீக்க உத்தரவு விறகு எரிந்துகொண்டிருந்தபோதே வந்துவிட்டது. திராகனோவ் அதைத் தன் கையாலேயே கொண்டுவந்தார். யோர்தான் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடி கம்பியடிக்குப் போனார். வேலையில் இல்லாத ஆளை ஆலைக்குள் விடலாமா என்று காவல்காரர் கேட்டார். திராகனோவ், "எனக்குக் கண்ணாடி சரியில்ல, யாரு உள்ள இருக்காங்கன்னே தெரியல," என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இரண்டு வாரத்தில் மாஸ்கோவும் கீவும் கைகுலுக்கினார்கள். டிவியில் காட்டினார்கள். முள் ஏறியது. உலை எரியாததால் எங்கள் வீடுகளுக்கு அதனால் பயனில்லை. உலை வெதுவெதுப்பாக இருந்தது. அவ்வளவுதான்.

வசந்தத்தில் முதலாளி ஆலையை விற்றார். வாங்கியவர் நம் நாட்டுக்காரர், கடற்கரைப் பக்கம். ஒரு நிபுணரோடு வந்து உலைக்குள் விளக்கடித்துப் பார்த்தார். கூரையில் ஒரு கல்கூட விழவில்லை. அன்று சாயங்காலமே யோர்தானின் வீட்டுக்கு வந்தார். வெலிச்கா காபி போட்டாள். நானும் இருந்தேன்.

"உங்களால்தான் வாங்கினேன்," என்றார் அவர். "உறைஞ்சிருந்தா திரும்பிப் போயிருப்பேன்."

யோர்தான் தலையசைத்தார்.

"ஆளெல்லாம் எடுத்துக்கிறேன். உங்க மருமகனை முதல்ல." காபிக் கோப்பையைத் திருப்பினார். "உங்களை எடுக்க முடியாது. தப்பா நினைக்கக் கூடாது."

"ஏன்?" என்றாள் வெலிச்கா.

"சொன்ன பேச்சைக் கேக்காம ஒரு உலையை இறக்கின கை அது. அன்னைக்கு அது சரி. நாளைக்கு எனக்கும் ஒரு கஷ்டம் வரும். நான் ஒண்ணு சொல்வேன், இவரு ஒண்ணு நினைப்பாரு. எனக்குத் தூக்கம் வராது."

வெலிச்கா எழுந்தாள். யோர்தான் அவள் கையில் விரலை வைத்தார்.

"நானா இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன்," என்றார்.

"மாட்டியா?" என்றாள் வெலிச்கா, வந்தவர் போனதும்.

"எடுத்திருப்பேன். அந்த ஆளுக்கு எதுக்குச் சங்கடம்."

ரலிட்சா பெட்டியைப் பிரித்துத் துணிகளை மறுபடி அலமாரியில் அடுக்கினாள். ஸ்பெயினில் மொம்ச்சிலுக்குச் சொல்லிவைத்திருந்த இடம் காலியாக இருந்தது. அந்தச் சித்தப்பா பையன் மறுபடி போன் பண்ணியபோது யோர்தான்தான் எடுத்தார். வேலை நேரம் என்ன, கூரை பிளாஸ்டிக்கா, பென்ஷன் பதிவில் சேர்ப்பார்களா என்று விசாரித்தார். ஆளுக்கு வயது எத்தனை என்று அவன் கேட்டிருக்க வேண்டும். "மிளகாய் பறிக்கத் தெரியும்," என்றார்.

வெலிச்கா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினாள்.

ஜூனில் லிண்டன் மரங்கள் பூத்திருந்தபோது ஸ்பெயின் பஸ் பேக்கரி வாசலில் வந்து நின்றது. அன்று காலைதான் உலையை மறுபடி மூட்டுகிறார்கள். பாதிரியார் தண்ணீர் தெளிக்க வந்திருந்தார். ஊர் முழுக்க ஆலை வாசலில். மொம்ச்சில் உள்ளே பர்னரடியில் இருந்தான். ரலிட்சா மட்டும் குழந்தையோடு பஸ்ஸுக்கு வந்தாள். வெலிச்கா, நான், அவள். அவ்வளவுதான்.

"கம்பளிக் காலுறை எதுக்கு? அங்க வெயில் கொளுத்துமாம்," என்றார் யோர்தான்.

"கொளுத்தட்டும். ராத்திரி?"

"ராத்திரியும் கொளுத்துமாம்."

"அப்ப வேற யாருக்காவது குடு. எடுத்துட்டுப் போ."

எடுத்துக்கொண்டார். குழந்தையின் கன்னத்தில் தாடையை உரசினார். அது அழுதது. ரலிட்சா எதையோ சொல்ல வாயெடுத்தாள்.

"நேரமாச்சு, வெயில்ல நிக்காதே," என்றார் அவர்.

டிரைவர் பெட்டியை அடியில் தள்ளினார். ஆலைப் பக்கம் எட்டிப் பார்த்தார். "என்ன கூட்டம்?"

"உலை மூட்டுறாங்க," என்றாள் வெலிச்கா.

"அட. அப்ப ஊருக்கு நல்ல காலம். இவரு எதுக்குக் கிளம்புறாரு?"

யோர்தான் படியில் ஒரு கால் வைத்தார். "ஜன்னல் சீட்டு இருக்கா?"

"இருக்கு. வலதா, இடதா?"

ஆலையின் புகைபோக்கி வலது பக்கம் தெரிந்தது. இன்னும் புகை வரவில்லை.

"இடது," என்றார்.

பஸ் கிளம்பியது. ரலிட்சா குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டினாள். எங்கள் பக்கம் தெரிந்தது வலது ஜன்னல்கள். அவற்றில் யார் யாரோ இருந்தார்கள்.

"நம்மளைப் பாக்கக்கூட இல்லையே அப்பா," என்றாள் ரலிட்சா.

வெலிச்கா கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு பஸ்ஸையே பார்த்தாள்.

"பாலத்துக்கிட்ட பஸ் திரும்பும்டி," என்றாள். "அப்ப இடது பக்கம்தான் ஆலை தெரியும்."